தூரத்துக் கலமும் பத்து மணி பஸ்ஸும்

பாப்பா,

தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிறவன் எதற்குக் காகிதமும் பேனாவும் எடுத்தான் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ நடுவில் "விடுங்கப்பா" என்பாய். நானும் அப்பாடா என்று விட்டுவிடுவேன். காகிதம் அப்படிச் சொல்லாது, அதனால்தான் இது. எழுதி முடித்ததும் கும்பகோணம் போய்க் கூரியரில் போடப்போகிறேன். ஆஸ்திரேலியாவுக்குப் போய்ச் சேர எட்டுப் பத்து நாள் ஆகுமாம், ஆகட்டும். அறுபத்தெட்டு வயதுக் கை, எழுத்து கோணிக்கொண்டுதான் போகும், பொறுத்துக்கொள். உனக்கு ஒன்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அதைச் சொல்ல எனக்கு யோக்கியதை வேண்டுமே. அதற்காக முதலில் என் தப்பைச் சொல்லியாக வேண்டும். பாதியில் மடித்து வைத்துவிடாதே.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு காலையில் நீ அழுதுகொண்டே கூப்பிட்டாய். நான் நன்னிலம் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். உன் கலத்துக்கு ஏதோ ஆகிவிட்டது என்றாய், நீ பிறப்பதற்கு முன்பே மேலே அனுப்பிய விண்கலம் அது. கோள்களையெல்லாம் தாண்டி, சூரியனின் காற்றுகூட எட்டாத இடத்துக்குப் போய்விட்டது. அதனோடு பேசுகிற ஆன்டெனாவில் உனக்கு வேலை. இதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். ஊரில் யார் கேட்டாலும் "எம் பொண்ணு வானத்தோட பேசுறா" என்று பீற்றிக்கொள்கிறவன்தானே நான். ஆனால் அன்று நீ சொன்னது வேறு. உத்தரவு அனுப்பும்போது நீ கொடுத்த ஒரு எண் தப்பு. அது போய்ச் சேர்ந்ததும் கலம் தன் முகத்தைத் துளிதான் திருப்பிக்கொண்டது. அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. "செத்துப்போச்சா பாப்பா?" என்று கேட்டேன். "இல்லப்பா. அது பேசிக்கிட்டேதான் இருக்கும். நமக்குப் பக்கத்துல இருக்கிற வெத்து இடத்தப் பாத்துப் பேசிக்கிட்டிருக்கும். அங்க யாருமே இல்லன்னு அதுக்குத் தெரியாது" என்றாய். நல்ல வெயில். சுற்றிலும் ஜனம், பஸ் ஹாரன், வெள்ளரிப்பிஞ்சு விற்கிற சத்தம். அத்தனைக்கும் நடுவில் பாதி டீயை அப்படியே பெஞ்சில் வைத்துவிட்டேன்.

அப்புறம் நீ குரலைத் தாழ்த்திக்கொண்டாய். அந்த எண்ணை மெஷினில் உள்ளிட்டவர் உன் பக்கத்து மேஜைக்காரர். ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம்தான் இருக்கிறதாம். நீ வாயால் சொன்னாய், அவர் உள்ளிட்டார். பதிவில் அவர் பெயர்தான் இருக்கிறது. விசாரணை என்று வந்ததும் அவரே, "எனக்கு வயசாயிடுச்சு, கை தவறியிருக்கும்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறார். நீ தப்பாகச் சொன்னது அவருக்கே நினைவில்லை. "அடுத்த மாசம் கமிட்டி உக்காருதுப்பா. எனக்கு மட்டும்தான் தெரியும். என்ன செய்யட்டும்?" என்று கேட்டாய். நான் என்ன சொன்னேன்? யோசிக்கக்கூட இல்லை. "அவரே ஒத்துக்கிட்டாருல்ல? நீ ஏன் வாயக் குடுத்து மாட்டிக்கிற? கம்முனு இரு" என்றேன்.  நீ "சரிப்பா" என்றாய். அன்றைக்குத்தான் நான் முதல்முறையாக, "எதுக்குச் சரி?" என்று கேட்காமல் போனை வைத்தேன்.

அந்தக் கேள்வியால் நீயும் உன் அம்மாவும் பட்ட பாடு கொஞ்சமா? "சாப்பிட வாங்க", "சரி" என்று யாராவது பேசிக்கொண்டால்கூட மூக்கை நுழைத்து "எதுக்குச் சரி?" என்பேன். உன் கல்யாணப் பேச்சில் சம்பந்தி, "எங்களுக்குச் சரிங்க" என்றதும் நான், "எதுக்குங்க சரி? தேதிக்கா, மண்டபத்துக்கா, பொண்ணுக்கா?" என்று கேட்டு, சபையே சிரித்து, உன் அம்மா என் தொடையைக் கிள்ளிய கிள்ளு மூன்று நாள் கன்றிப்போய் இருந்தது. நீ வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் சொன்னாய்: அனுப்புகிற ஒவ்வொரு உத்தரவுக்கும் ஒரு எண் போட்டு, வருகிற பதிலிலும் அதே எண் இருக்கிறதா என்று நீ இரண்டு தரம் பார்ப்பாயாம். "இது எங்கப்பாகிட்ட கத்துக்கிட்டதுன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன்ப்பா" என்றாய். உன் அம்மா சிரித்தாள். நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன். ஏன் போனேன் என்று நீ கேட்கவில்லை. இப்போது சொல்கிறேன்.

நான் ஆற்றில் லஸ்கராக இருந்தவன் என்பது உனக்குத் தெரியும். ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரிகிற இடத்தில் மதகு. அதன் ஷட்டரைச் சாவி போட்டுச் சுற்றித் தூக்குவதும் இறக்குவதும் என் வேலை. எங்கள் ஆட்களில் இலாகாச் சட்டை போட்ட முதல் ஆள் நான்தான். என் அப்பா அடுத்தவன் வயலில் குனிந்தவர். நான் தண்ணீருக்கே சாவி வைத்திருந்தேன். அந்த மிதப்பு எனக்கு நிறையவே இருந்தது. என் மதகிலிருந்து பத்து கிலோமீட்டர் கீழே கடைமடையில் இன்னொரு லஸ்கர், அந்தோணிசாமி. அவன் பொறுப்பில் ஒரு சைபன் இருந்தது. சைபன் என்றால், நம் வாய்க்கால் ஒரு வடிகால் ஆற்றுக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் எழுந்து வருவதற்காகச் செங்கல்லால் கட்டிய சுரங்கம். ஆள் குனிந்துதான் போக முடியும். கோடையில் அதற்குள் சேறு அடைத்துக்கொள்ளும். தண்ணீர் வருவதற்கு முன் ஆள் உள்ளே இறங்கி அள்ளியாக வேண்டும். உள்ளே ஆள் இருக்கும்போது நான் மேலே ஷட்டரைத் தூக்கினால் என்ன ஆகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அப்போது செல்போன் ஏது? எங்களுக்குப் போன், தந்தி எல்லாமே டவுன் பஸ்தான். என் மதகுப் பாலத்தைத் தாண்டிப் போகிற பஸ் அந்தோணியின் சைபனையும் தாண்டித்தான் போகும். கண்டக்டரிடம் சொல்லிவிட்டால் அவர் போகிற போக்கில் அவனிடம் சொல்வார். அவன் சொல்கிற பதிலைத் திரும்பும்போது என்னிடம் கத்திவிட்டுப் போவார், பஸ்கூட நிற்காது. எனக்கும் அந்தோணிக்கும் நடுவில் ஒரே ஒரு கட்டுப்பாடு. அவன் பதில் வராமல் நான் சாவியில் கை வைக்கக் கூடாது. பதினொரு வருடம் நாங்கள் அதை மீறியதில்லை. அவன் வீட்டுக் கிறிஸ்துமஸ் கறிச்சோறு எனக்கு வந்துவிடும், நம் வீட்டுப் பொங்கல் அவனுக்குப் போய்விடும். எல்லாம் அதே பஸ்ஸில்தான்.

நீ ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருஷம். கல்லணையைத் திறந்துவிட்டார்கள், தண்ணீர் எங்கள் ஆற்றுக்கு வந்துகொண்டிருந்தது. காலை ஏழு மணி பஸ்ஸில் சொல்லியனுப்பினேன்: "நாளைக்குக் காலையில தொறக்குறேன், சரியா?" ஒன்பதுக்கெல்லாம் திரும்ப வேண்டிய பஸ், காணவில்லை. இதற்கிடையில் ஜீப்பில் அதிகாரி வந்து இறங்கினார். மேலே தண்ணீர் அதிகமாக வந்துவிட்டதாம், இன்றைக்கு உச்சிக்கே திறந்தாக வேண்டுமாம். பத்து மணி பஸ் கண்டக்டரிடம் ஓடிப்போய், "நாளைக்கு இல்ல, இன்னைக்கு மத்தியானமே தொறக்கப் போறேன், ஆளு உள்ள இருக்கான்னு கேட்டுப் பதில் வாங்கிட்டு வாங்க" என்று சொல்லியனுப்பினேன். அதிகாரி பாலத்துக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் வாட்சைப் பார்த்தார். பன்னிரண்டு அடிக்கும்போது ஒரு பஸ் வந்தது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "சரின்னுட்டாருண்ணே!" என்று கத்திவிட்டுப் போனார்.

பாப்பா, அது ஏழு மணி பஸ். எங்கேயோ ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டு அப்போதுதான் திரும்புகிறது. அந்தக் கண்டக்டர் முகம் எனக்குத் தெரியும். மீசை வைத்தவர், காலையில் நான் சொல்லியனுப்பிய அதே ஆள். அந்தச் 'சரி' நாளைக் காலைக்கான சரி. இது எனக்குப் பிறகு புரிந்தது என்று நான் இத்தனை வருடம் எனக்கே சொல்லிக்கொண்டு வந்தேன். பொய். அப்போதே தெரியும். பஸ் தாண்டிப்போன புழுதி அடங்குவதற்குள் தெரிந்துவிட்டது. அதிகாரி எழுந்து பேண்டைத் தட்டிக்கொண்டு, "என்னய்யா, பதில் வந்துட்டுல்ல? தூக்கு" என்றார். 'இல்லீங்க, இது பழைய பதில்' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? எதிர்த்துப் பேசினால் சட்டை போய்விடுமோ என்ற பயம். பத்து மணி பஸ் எப்படியும் வந்துவிடும், அந்தோணியும் விவரமானவன் என்று ஒரு சமாதானம். சாவியைப் போட்டுச் சுற்றினேன். பதினாறு சுற்று, எண்ணிக்கொண்டே சுற்றினேன்.

காய்ந்த வாய்க்காலில் முதல் தண்ணீர் எப்படி வரும் என்று நீ சின்ன வயதில் என் தோளில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாய். ஆள் நடக்கிற வேகம்தான். சீறிக்கொண்டு, நுரையும் சருகும் முன்னால் உருள, வெடிப்புக்குள்ளிருந்து எறும்பும் தேளும் சாரைப்பாம்பும் வெளியே ஓட, அதைக் கொத்திக்கொண்டு மைனா கூட்டம் தண்ணீருக்கு முன்னாலேயே நடந்துபோகும். நீ கைதட்டிச் சிரிப்பாய். அன்றைக்கு நான் அதைப் பார்த்துக்கொண்டு கரையிலேயே கொஞ்ச தூரம் கூட நடந்தேன். ஷட்டரைத் திரும்ப இறக்கினாலும், போன தண்ணீர் போனதுதான். அதை யாராலும் கூப்பிட முடியாது. அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. நான் வேப்பமரத்தடியில் நின்றுவிட்டேன்.

நாலு மணி சுமாருக்குக் கரையோடு ஒருவன் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து விழுந்தான். சைபனுக்குள் இரண்டு பேர் சேறு அள்ளிக்கொண்டிருந்தார்களாம். இரைச்சல் கேட்டு அந்தோணி உள்ளே பாய்ந்து இரண்டு பேரையும் வெளியே தள்ளிவிட்டான். அவன் வரவில்லை. மறுமுனையில் பிணமாக ஒதுங்கினான், அவ்வளவுதான். நான் ஷட்டர் மேடையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரவில்லை. அப்போது பத்து மணி பஸ் வந்தது. வழியில் அச்சு முறிந்து நாலு மணி நேரமாக வயல்காட்டில் நின்றதாம். சைபன் பக்கம் நடந்த எதுவும் கண்டக்டருக்குத் தெரியாது. பஸ்ஸை நிறுத்தி இறங்கி வந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அண்ணே, அந்தோணி அண்ணன் சொல்லச் சொன்னாரு. இப்பத் தொறக்க வேணாமாம். உள்ள ரெண்டு பேரு இருக்காங்களாம். அஞ்சு மணிக்கு மேல அவரே ஆளனுப்புறாராம். அதுவரைக்கும் சாவிய வேட்டியில முடிஞ்சு வச்சிக்கிட்டு சும்மா குந்தியிருக்கச் சொன்னாரு." சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தோணி அதைச் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்க வேண்டும், அந்தச் சிரிப்பும் சேர்ந்து வந்திருந்தது. செத்துப்போனவன் எனக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தான், பாப்பா. நான் பதில் இல்லாமல் திறக்க மாட்டேன் என்று நம்பித்தான் அவன் அவசரப்படாமல் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். கண்டக்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னண்ணே?" என்றார். "ஒண்ணுமில்ல, கெளம்புங்க" என்றேன்.

விசாரணை வந்தது. "பதில் கேட்டனுப்பினேன். சரி என்று பதில் வந்தது. பிறகுதான் திறந்தேன்" என்று ஊர் முன்னால் சொல்லி, எழுதிக் கையெழுத்தும் போட்டேன். ஒரு வார்த்தை பொய் கிடையாது, கவனித்தாயா? உண்மையை மட்டும் வைத்தே ஒரு பொய்யைக் கட்ட முடியும் என்று அன்றுதான் கற்றுக்கொண்டேன். அதிகாரியும் ஆமாம், என் காதால் கேட்டேன் என்றார். பத்து மணி கண்டக்டரை யாரும் கூப்பிடவில்லை, கூப்பிட வேண்டும் என்று நானும் சொல்லவில்லை. ஆள் உள்ளே இருப்பது தெரிந்தும் 'சரி' சொல்லியனுப்பிய அஜாக்கிரதை ஆள் என்று அந்தோணியின் பெயரில் முடிந்தது. இரண்டு உயிரை வெளியே தள்ளியவனை, "அவன் அசால்ட்டால அவனே போனான்" என்று ஊர் இன்றுவரை பேசுகிறது. அவன் மறுக்க முடியாதே. வருடா வருடம் கல்லறைத் திருநாளுக்கு நான் மெழுகுவர்த்தியோடு போய் நிற்பேன். "எவ்வளவு பாசம் பாரு" என்று சனம் சொல்லும். அதையும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன், வெட்கங்கெட்டவன்.

இரண்டு வருடத்துக்கு முன் நீ லீவில் வந்தபோது, மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே அந்தக் கலத்தைப் பற்றிச் சொன்னாய். நாம் இன்று சொல்வது அதற்கு நாளைதான் கேட்கும், அது சொல்வது நமக்கு மறுநாள்தான் கேட்கும். அதன் உடம்பில் ஒவ்வொரு கருவியாக அணைத்துக்கொண்டே வருகிறீர்கள். சூடு போதாமல் குளிரில் நடுங்கிக்கொண்டு, இன்னமும் பேசுகிறது. "இப்ப நாம கேக்குறப்ப அது உயிரோட இருக்கான்னே தெரியாதுப்பா. நேத்து இருந்துச்சுன்னுதான் சொல்லலாம்" என்றாய். நீ அதை ஏதோ அழகான விஷயம் போலச் சொல்லிக்கொண்டு போனாய். எனக்குக் கையிலிருந்த ஈரத்துண்டு நழுவியது. மனிதனை மேலே அனுப்பாமலே, மனிதன் சொல்லை மட்டும் அவ்வளவு தூரம் அனுப்பி, திரும்பி வருவது உயிருள்ளதா செத்ததா என்று தெரியாமல் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற வேலைக்கு என் பெண் போயிருக்கிறாளே என்று இருந்தது. நான் செய்யத் தவறிய வேலையைத்தான் உலகத்தில் எத்தனையோ வேலை இருக்க நீ தேடிப்பிடித்துச் செய்கிறாய். இதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

உன் அழுகையைக் கேட்டபின் இந்த மூன்று வாரமும் எனக்குச் சோறு இறங்கவில்லை. 'கம்முனு இரு' என்று உனக்குச் சொன்னது யார்? அந்தப் பாலத்தில் சாவியோடு நின்றவன்தான். போன திங்கட்கிழமை காலை பத்தரைக்கு அந்தச் சைபனுக்குப் போனேன். சாவுக்குப் பிறகு நான் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. கோடை வறட்சி, வாய்க்காலில் பொட்டுத் தண்ணீர் இல்லை. சுரங்கத்தின் வாய் கறுப்பாகத் திறந்து கிடந்தது. உள்ளேயிருந்து ஒரு ஈரக்காற்று முகத்தில் அடித்தது. என்ன தோன்றியதோ, குனிந்து "அந்தோணி" என்று கூப்பிட்டேன். என் குரல் உள்ளே போய்ச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தது. அது வரும், தெரியும். அதுவும் அடங்கிக் கொஞ்சம் கழித்து, உள்ளேயிருந்து "என்ன?" என்று ஒரு குரல் கேட்டது. ஆடு மேய்க்கிறவன் எவனாவது மறுமுனையில் நிழலுக்கு ஒதுங்கியிருப்பான். இருக்கட்டும். நான் நின்று பார்க்கவில்லை. இந்த முட்டிவலியை வைத்துக்கொண்டு மெயின் ரோடு வரை ஓடினேன். ரோட்டில் நின்று மூச்சு வாங்கும்போதுதான், அவன் கேட்டது நியாயம்தானே என்று தோன்றியது. முப்பது வருடம் கழித்து வந்து கூப்பிட்டால், என்ன என்றுதானே கேட்பான்?

அங்கிருந்து நேரே அவன் வீட்டுக்கு நடந்தேன். அவன் மனைவி சகாயமேரி முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். "வாங்கண்ணே, என்ன இப்புடி வேர்த்து ஊத்துது?" என்றாள். நான் உட்காரவில்லை. நின்றபடியே ஏழு மணி பஸ்ஸிலிருந்து நாலரை மணி வரை ஒன்றுவிடாமல் சொன்னேன். முறம் அவள் மடியில் அப்படியே நின்றது.  பிறகு, "அப்ப அவரு வேணாம்னுதான் சொன்னாரா?" என்றாள். "ஆமா தங்கச்சி." "என்ன சொன்னாரோ அத அப்புடியே சொல்லுங்க." சொன்னேன். சாவியை வேட்டியில முடிஞ்சு வச்சிக்கிட்டு சும்மா குந்தியிருக்கச் சொன்னாரு என்ற இடம் வந்ததும், "அவரு பேச்சுதான். அவருதான் இப்புடிப் பேசுவாரு" என்று வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

அப்புறம் அவள் அழுததைப் பார்த்திருந்தால் தெரியும் உனக்கு. என்னைத் திட்டுவாள், காறித் துப்புவாள் என்று நினைத்துக்கொண்டு போனேன். அவள் அழுதது வேறு எதற்கோ. "நானும் நம்பிட்டனே, அண்ணே. புள்ளைய வச்சிக்கிட்டு ஒத்தையில நின்னப்பல்லாம், யோசிக்காம சரின்னு சொல்லி எங்களத் தெருவுல விட்டுட்டுப் போயிட்டியே பாவின்னு அவரத்தான் திட்டுனேன். கல்லறையில போயி நின்னே திட்டியிருக்கேன். நீங்க அங்கதான் பக்கத்துல மெழுகுவத்தியோட நின்னுக்கிட்டிருந்தீங்க" என்றாள். எனக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலாம் போல இருந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "என்கிட்ட தனியா வந்து சொல்லிட்டுப் போயிட்டா ஆச்சா? ஊரு முன்னால சொன்னீங்கல்ல அன்னிக்கு? ஊரு முன்னால சொல்லுங்க. சனிக்கிழம தண்ணி வருதாம், எல்லாரும் கரையில பூவோட நிப்பாங்க. அங்க சொல்லுங்க. எம் புள்ளையும் வருவான்" என்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. எப்போது போனாலும் கொடுக்கிற காப்பி அன்று வரவில்லை. அதுதான் சரி.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். "தூக்கத்துல பதினாறு வரைக்கும் எண்ணுவீங்க. எந்தச் சிறுக்கிக்குக் குடுத்த வளையலுக்குக் கணக்குப் பாக்குறாருன்னு இத்தன வருஷம் நான் நெனச்சிக்கிட்டிருந்தேன்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவளுக்கும்தான். அப்புறம் அவள் ஆய்ந்த கீரையை அலசி வைத்தாள். கடைசியில் அவள்தான், "பாப்பாவுக்கு எழுதுங்க. நீங்க சொன்னா அவ கம்முனு இருந்துடுவா. நீங்க சொன்னதத்தான் அவ கேப்பா, அதுதான் ஆபத்து" என்றாள்.

அதனால் சொல்கிறேன். நான் போனில் சொன்னதைக் கேட்காதே. அது பழைய பதில், பயந்தாங்கொள்ளி ஒருவன் பாலத்தில் நின்று சொன்னது. வேலை போகலாம். உன் பெயர் கெடலாம். 'இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை' என்று உன்னைத் துளைப்பார்கள். அதெல்லாம் நடக்காது என்று நான் பொய் சொல்லப் போவதில்லை. அந்தக் கலம் திரும்பி உங்களைப் பார்க்குமா பார்க்காதா என்றும் எனக்குத் தெரியாது. தானாகத் திரும்பிப் பார்க்க அதற்குள் ஒரு ஏற்பாடு இருக்கிறது என்று சொன்னாயே, பார்க்கட்டும். ஆனால் கமிட்டிக்கு முன்னால் உன் பக்கத்து மேஜைக்காரரிடம் போ. கமிட்டி அப்புறம், முதலில் அவர். "உங்க கை தவறல, நான்தான் தப்பாச் சொன்னேன்" என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல். அந்தோணிக்காவது தன்னைப் பற்றி ஊர் பேசியது காதில் விழாது. இந்த மனிதர் உயிரோடு இருக்கிறார், பாப்பா. சாகும்வரை தன் கையைத் தானே சந்தேகப்பட்டுக்கொண்டு டம்ளரைத் தூக்குவார்.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. நாளைக் காலை கரையில் நான் சொல்லப்போகிறேன். அந்தோணியின் மகன் என் சட்டையைப் பிடித்தாலும் பிடிப்பான். அதற்குப் பிறகு இந்த ஊரில் எனக்கு யார் டீ கொடுப்பார்கள் என்றும் தெரியவில்லை. உனக்குப் போன் செய்து தைரியம் கேட்கலாமா என்று இரண்டு தரம் கையில் எடுத்து வைத்துவிட்டேன். இந்தக் கடிதம் உன்னிடம் வரும்போது நான் சொல்லி ஒரு வாரமாவது ஆகியிருக்கும். வேண்டாம்ப்பா என்று கூப்பிடாதே, அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். பேனாவை வைத்துவிட்டு நாளைக்குக் கட்டிக்கொள்ள ஒரு வெள்ளை வேட்டியை எடுத்து வைக்கப் போகிறேன். நீயும் எழுந்து அவர் மேஜைக்குப் போ.

அப்பா